‘தண்ணிக்கு ஞாபகம் இருக்குல்ல சித்தி?’ - ‘ஃப்ரோஸன் 2’ படத்தை ஐந்து வயசுக் குழந்தைக்குக் காட்டலாமா?

ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறேன். நான் சொன்ன பொய்.

மே மாதம் வந்தாலே எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் லிஸ்ட் சீஸன் ஆரம்பித்துவிடும். ‘கோடை விடுமுறையில் போகவேண்டிய 10 அருவிகள்’, ‘வெயிலுக்கு இதமான 7 ஜூஸ்கள்’ வரிசையில் என் பங்குக்கு வந்தது, ‘குழந்தைகளோடு பார்க்க 10 அனிமேஷன் படங்கள்’. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துக் கொடுக்கவேண்டும். பத்தில் ஏழு படங்களை நான் பார்த்திருந்தேன். மீதி மூன்றில் ஒன்று ‘ஃப்ரோஸன் 2’.

முதல் பாகத்தை ஸ்கூல் படிக்கும்போதே பார்த்துவிட்டேன். இரண்டாம் பாகம் 2019 நவம்பரில் வந்தது. அப்போது காலேஜ். அனிமேஷன் படத்துக்குப் போகிறேன் என்று சொல்வதற்குக் கூச்சப்படுகிற வயசு. பார்க்கவில்லை. டிரெய்லரைப் பார்த்தேன், கதைச்சுருக்கத்தைப் படித்தேன். தமிழில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசனும், ஆனாவுக்கு டிடி என்கிற திவ்யதர்ஷினியும், ஓலாஃப் என்கிற பனி மனிதனுக்கு சத்யனும் குரல் கொடுத்த விவரத்தைச் சேர்த்தேன். கடைசியில் ஒரு வரி போட்டேன்: ‘முதல் பாகத்தைப் போலவே கலகலப்பான படம். எல்லா வயதுக் குட்டீஸும் தைரியமாகப் பார்க்கலாம்.’

லிஸ்ட் நன்றாக ஓடியது. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா நாலு கைதட்டல் போட்டார்.

மறுநாள் ராத்திரி மதுரையிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

“ஏய், அந்த ஃப்ரோஸன் ரெண்டாவது பார்ட்டை பாப்பாவுக்குப் போடலாம்னு எழுதியிருக்கியே, போடலாமாடி? இப்பத்தான் அஞ்சு முடிஞ்சிருக்கு அவளுக்கு. நீ பாத்தியா படம்?”

“பாத்தேன்க்கா. சூப்பரா இருக்கும். ஞாயித்துக்கிழமை ஊருக்கு வரேன்ல, நானே போட்டுக் காட்டுறேன்.”

இதுதான் அந்தப் பொய். சொல்லும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கத்தானே போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்து வயசுக்காரிக்கு இரண்டாம் பாகம்

பாப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முதல் பாகத்தை அவள் இருபது தடவைக்கு மேல் பார்த்திருப்பாள். அதுவும் இங்கிலீஷில். வசனம் புரியாது, பாட்டை மட்டும் அவளே ஒரு பாஷையில் பாடுவாள். அக்காவின் நீலத் துப்பட்டாவை முதுகில் பின் குத்திக்கொண்டு எல்சா ஆகிவிடுவாள். ஆனா வேஷம் எங்கள் அப்பாவுக்கு. ஓய்வு பெற்ற கண்டக்டர் அவர். அறுபத்தைந்து வயசில், பேத்தி கையை நீட்டியதும் பனியாக உறைந்து கூடத்தில் அசையாமல் நிற்பார். அவளே போய்க் கட்டிப்பிடித்தால்தான் உருகுவார். உருகியதும் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஊதுவார். ‘போலாம் ரைட்’ என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

ஜனவரியில் அப்பா இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார். அன்றைக்கு பாப்பாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டோம். திரும்பி வந்தவளிடம் அம்மா, “தாத்தா ஊருக்குப் போயிருக்காருடா” என்று சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எந்த ஊர், எப்போது வருவார் என்றும் அவள் கேட்கவில்லை. தாத்தா கண்டக்டர், பஸ்ஸிலேயே வந்துவிடுவார் என்று தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்த விசில் சாவி மாட்டுகிற ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வைக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தமிழில் படத்தைப் போட்டேன். பாப்பா என் மடியில். அம்மா சோபாவில் பாதித் தூக்கத்தில். அக்கா சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். படத்தின் நீளம் 103 நிமிடம்.

நான் உஷாராகத்தான் இருந்தேன். பயமுறுத்துகிற இடம் எங்கெங்கே வரும் என்று மனசுக்குள் ஒரு பட்டியல். கதைச்சுருக்கத்தில் படித்தவைதான்: காட்டில் பற்றும் தீ, கல்லால் ஆன பூத உருவங்கள், கறுத்த கடலும் அதில் வரும் தண்ணீர்க் குதிரையும். ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பயந்தது நான்தான். தீயை மூட்டியது ஒரு குட்டிப் பல்லி மாதிரி உயிரினம் என்று தெரிந்ததும் பாப்பா கைதட்டிச் சிரித்தாள். கல் பூதங்கள் ராத்திரியில் தரை அதிர நடந்துவந்தபோது என் கையை எடுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். எல்சா கடலுக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தபோது நான் ரிமோட்டைத் தேடினேன். அவள், “அந்தக் குதிரைக்குப் பேரு என்ன சித்தி?” என்று கேட்டாள்.

படம் கொஞ்சம் சிக்கலானதுதான். முதல் பாகத்தில் இவர் நல்லவர், இவர் கெட்டவர் என்று கடைசியிலாவது தெரிந்துவிடும். இதில் எதிரில் வந்து நிற்கிற வில்லன் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் எல்சாவின் தாத்தா ராஜா செய்த துரோகம்தான் வில்லன். காட்டு மக்களுக்கு நட்பின் பரிசு என்று அணை கட்டிக் கொடுத்து, அவர்கள் நிலத்தையே பலவீனமாக்கி, நிராயுதபாணியாக இருந்த அவர்கள் தலைவரைக் கொன்றவர் அவர். பேத்திகள் அதைக் கண்டுபிடித்து, அணையை உடைத்துச் சரி செய்கிறார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. பாப்பாவுக்குப் புரிந்தது ஒரு வரிதான். “அந்தத் தாத்தா கெட்டவரா?” என்று கேட்டாள். “ஆமாடா, தப்புப் பண்ணிட்டாரு” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நம்ம தாத்தா நல்லவரு” என்றாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

அப்புறம் அந்தக் குகைக் காட்சி வந்தது.

எல்சா தூரத்தில் ஒரு பனி ஆற்றின் ஆழத்துக்குப் போய் உறைந்துபோகிறாள். அவளுடைய சக்தியால்தான் ஓலாஃப் உயிரோடு இருக்கிறது. அந்தச் சக்தி போனதும் ஓலாஃப் கொஞ்சம் கொஞ்சமாகப் பனித்தூளாக உதிர ஆரம்பிக்கிறது. என்ன நடக்கிறது என்று அதற்கே தெரிகிறது. ஆனா அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அவள் கையிலேயே அது காற்றோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது அதன் மூக்குக் கேரட்டும் குச்சிக் கைகளும்தான்.

கதைச்சுருக்கத்தில் இது இல்லை. நான் ரிமோட்டை மறந்துவிட்டேன். பாப்பா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுகிறேனா என்று பார்த்திருக்கிறாள். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அடுத்து ஆனா தனியாக அழுது, எழுந்து, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துக் குகையைவிட்டு வெளியே வருகிற பாட்டு. குழந்தைகள் படத்தில் துக்கத்தை இவ்வளவு நேரடியாகச் சொல்கிற பாட்டை நான் பார்த்ததில்லை. இதன் பின்னணி பிறகுதான் தெரிந்தது. படத்தின் இரண்டு இயக்குநர்களில் ஒருவரான கிறிஸ் பக், முதல் பாகம் வெளிவருவதற்குச் சற்று முன்னால், 2013-ல், தன் மகனை இழந்தவர். மகனின் பெயர் ரைடர். இரண்டாம் பாகத்தில் வருகிற காட்டு இளைஞன் ஒருவனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். துக்கத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள் எடுத்த காட்சி அது. அதனால்தான் அது பெரியவர்களை அப்படிப் பிடித்து உலுக்குகிறது.

படம் நல்லபடியாகவே முடிகிறது. எல்சா மீண்டு வருகிறாள். தண்ணீருக்கு ஞாபகசக்தி உண்டு என்று படம் முழுக்க ஓலாஃப் சொல்லிக்கொண்டே இருக்கும். அதே விஷயத்தை வைத்து, காற்றில் கலந்த பனியைச் சேர்த்து ஓலாஃபைத் திரும்பச் செய்துவிடுகிறாள். பாப்பா எழுந்து குதித்தாள். நானும்தான். அக்காவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். லிஸ்ட்டில் எழுதியது சரிதான் என்று ஒரு நிம்மதி.

சாயங்காலம் ஆறு மணி

கேள்வி வந்தது குளியலறையில். நான்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“சித்தி, தாத்தாவை ராமேஸ்வரத்துல தண்ணீலதானே கரைச்சாங்க?”

கை அப்படியே நின்றுவிட்டது. அஸ்தி கரைத்துவிட்டு வந்த அன்று யாரோ போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். நாங்கள் ஊர் என்று சொன்னதும், அவர்கள் ராமேஸ்வரம் என்று சொன்னதும் அவள் மனசில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. இவ்வளவு நாள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. படம் ஒரு வழி சொல்லிவிட்டது.

“தண்ணிக்கு ஞாபகம் இருக்குல்ல சித்தி? அப்ப தாத்தாவை மறுபடி செஞ்சிரலாம்ல?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “துண்டு எடுத்துட்டு வரேன்டா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன். உள்ளே பாப்பா வாளித் தண்ணீரிடம் பேசுவது கேட்டது. “தாத்தா, விசில் ஆணிலதான் இருக்கு.”

என் பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

அவள் சத்தம் போடவில்லை. பாப்பாவைத் துடைத்து, பவுடர் போட்டு, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து கேட்டாள். “நீதான் படம் பாத்தேன்னு சொன்னியே. இப்படி ஒரு சீன் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“பாக்கலைக்கா. இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “பாக்கலைன்னு சொல்லியிருந்தா நான் முதல்ல பாத்திருப்பேன்ல. உன்னை நம்பித்தானே விட்டேன்.”

இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷமாகிறது. டிப்ளமோ படிக்கும்போது, பார்க்காததை எழுதாதே என்பது முதல் வாரப் பாடம். அன்றைக்கு அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அது ஏன் முதல் பாடம் என்று அக்கா சொன்னபோதுதான் புரிந்தது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால், தெரிந்துகொள்ளவேண்டிய வேலையை அக்கா செய்திருப்பாள். தெரியும் என்று சொல்லி அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டேன். அந்த லிஸ்ட்டைப் படித்த மற்ற அம்மாக்களுக்கும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அம்மா சொன்ன பதில்

அன்றைக்கு ராத்திரி பதில் சொன்னது அம்மா. பாப்பா மறுபடி கேட்டாள். “அம்மாச்சி, தாத்தாவை எப்ப செய்யலாம்?”

அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “அம்மாச்சி ஒரு தப்புப் பண்ணிட்டேன்டா. தாத்தா ஊருக்குப் போகலை. தாத்தா செத்துப்போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு.”

எங்கள் வீட்டில் ஐந்து மாதமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ‘தவறிட்டாரு’, ‘போயிட்டாரு’, ‘சாமிகிட்ட இருக்காரு’ என்றே பழகிவிட்டிருந்தோம்.

“ஓலாஃப் வந்துச்சே?”

“அது படத்துல வரைஞ்ச பொம்மைடா. எப்ப வேணும்னாலும் மறுபடி வரையலாம். தாத்தா மனுஷர்ல. உடம்பு வேலை செய்யாம நின்னுபோச்சு. அவருக்கு இப்ப வலிக்காது, பசிக்காது. ஆனா வரமாட்டாரு.”

“அம்மாச்சி, நீயும் செத்துப்போவியா?”

“எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான். ஆனா இப்ப இல்ல. உனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புற வேலை நிறையக் கெடக்கு எனக்கு.”

பாப்பா அழுதாள். நன்றாக அழுதாள். அக்காவும் அழுதாள். பிறகு அந்த விசிலைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தோம். ஊதவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அடுத்த இரண்டு வாரத்தில் அதே கேள்வியை நாலைந்து தடவை கேட்டாளாம். அக்கா ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் படித்தது

சென்னை திரும்பிய பிறகு, எழுதுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதையெல்லாம் படித்தேன்.

சாவைப் புரிந்துகொள்ள ஒரு குழந்தைக்கு முக்கியமாக மூன்று விஷயங்கள் பிடிபட வேண்டும் என்கிறார்கள் குழந்தை உளவியல் துறையில் இருப்பவர்கள். போனவர் திரும்ப வரமாட்டார், உடம்பின் வேலைகள் எல்லாம் நின்றுவிடும், இது எல்லோருக்கும் நடக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயசுக்குள் இவை தெளிவாகின்றன. அதற்கு முன்னால் சாவு என்பது அவர்களுக்குத் தூக்கம் மாதிரி, வெளியூர்ப் பயணம் மாதிரி, முடிந்து திரும்புகிற ஒன்று. ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று நாங்கள் சொன்னதும், ஓலாஃப் திரும்பி வந்ததும் அவளுக்குள் அச்சாகப் பொருந்திவிட்டன. படத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பாதி வேலையை வீட்டில் நாங்களே செய்து வைத்திருந்தோம்.

இன்னொன்று, எது குழந்தையைப் பயமுறுத்தும் என்பது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். சின்னக் குழந்தைகள் தோற்றத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள், வளர்ந்த குழந்தைகள் நடக்கக்கூடிய ஆபத்தை நினைத்துப் பயப்படுவார்கள் என்பது அவர் கண்டதில் முக்கியமானது. ஹல்க் டி.வி தொடரில் சாதாரண மனிதர் பச்சை உருவமாக மாறுகிற காட்சி சின்னக் குழந்தைகளை அதிகம் மிரட்டியது. அவர் நல்லது செய்வதற்காகத்தான் மாறுகிறார் என்பது அவர்களுக்கு உதவவில்லை. அதேபோல, ‘இது நிஜமில்லை, வெறும் படம்’ என்கிற விளக்கம் பெரிய குழந்தைகளுக்குத்தான் வேலை செய்யும். சின்னவர்களுக்கு மடியும் அணைப்பும்தான் மருந்து. கல் பூதம் வந்தபோது பாப்பா என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

அனிமேஷன் என்றாலே பத்திரமானது என்கிற நம் நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. 2014 டிசம்பரில் பி.எம்.ஜே மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1937-ல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ முதல் 2013-ல் வந்த ‘ஃப்ரோஸன்’ வரை, வசூலில் முன்னணியில் இருந்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்து, அதே வருஷங்களில் பெரியவர்களுக்காக வந்த 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியக் கதாபாத்திரம் ஒன்று திரையில் சாவது, அனிமேஷன் படங்களில் மூன்றில் இரண்டு பங்கு. பெரியவர்கள் படங்களில் பாதிதான். கதாநாயகனின் அப்பா அம்மா சாகும் வாய்ப்பு அனிமேஷனில் ஐந்து மடங்கு அதிகம். யோசித்துப் பாருங்கள், ‘பாம்பி’யில் அம்மா, ‘லயன் கிங்’கில் அப்பா, ‘ஃப்ரோஸன்’ முதல் பாகத்தில் இருவருமே.

முதல் பாகத்திலும் சாவு இருக்கிறதே, பாப்பா அதை இருபது தடவை பார்த்தாளே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். அதில் கப்பல் மூழ்குவது சில நொடிகள். அதுவும் ஒரு பாட்டின் நடுவில். குழந்தை அதைக் கடந்துபோய்விடும். இரண்டாம் பாகத்தில் ஒருவர் மடியில் ஒருவர் கரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

இரண்டாம் பாகம் யாருக்கு?

இங்கேதான் எனக்கு உறைத்தது. 2013-ல் முதல் பாகத்தை ஐந்து வயசில் பார்த்த குழந்தைக்கு 2019-ல் பதினொரு வயசு. இரண்டாம் பாகம் அந்தக் குழந்தையோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. நாட்டின் பழைய பாவம், அக்கா தங்கை பிரிவு, துக்கத்திலிருந்து எழுவது எல்லாம் பதினொரு வயசுக்குப் பொருந்தும். நம் வீட்டுக் குழந்தையோ முதல் பாகத்தைச் சனிக்கிழமையும் இரண்டாம் பாகத்தை ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறது. நடுவில் இருக்கவேண்டிய ஆறு வருஷம் ஓ.டி.டி-யில் ஒரு நாளாகிவிட்டது.

இது இந்த ஒரு படத்துக்கு மட்டுமில்லை. ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ இரண்டாம் பாகத்தில், குழந்தைகள் நேசிக்கிற அதே டிராகன், தன் வசமில்லாத நிலையில், நாயகனின் அப்பாவைக் கொன்றுவிடுகிறது. ‘டாய் ஸ்டோரி’ மூன்றாம் பாகத்தில் பொம்மைகள் கைகோத்தபடி எரியும் குப்பை உலையை நோக்கிச் சரிகிற காட்சி, 1995-ல் முதல் பாகம் பார்த்து 2010-ல் காலேஜ் போனவர்களை அழவைத்தது. ‘இன்சைட் அவுட்’ இரண்டாம் பாகத்தின் நாயகிக்கு வயசு 13, கதையே பதற்றத்தைப் பற்றியது. எல்லாமே நல்ல படங்கள். ஆனால், முதல் பாகம் பிடித்திருந்தது என்பதை மட்டும் வைத்து அடுத்ததைப் போட்டுக்கொடுக்க முடியாது.

சான்றிதழ் உதவாதா? ஓரளவுக்கு உதவும். அமெரிக்காவில் ‘ஃப்ரோஸன்’ இரண்டு பாகங்களுக்கும் ஒரே ‘பி.ஜி’ முத்திரைதான், அதாவது பெற்றோர் வழிகாட்டுதல் தேவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இரண்டு எழுத்து சொல்லாது. நம் நாட்டில் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தியேட்டர் படங்களுக்கான யு/ஏ முத்திரை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓ.டி.டி தளங்களுக்கு 2021 விதிகளிலேயே இந்த வகைப்பாடு வந்துவிட்டது. படம் தொடங்கும்போது மூலையில் சில நொடி தெரிகிற அந்த எண்ணையும், பக்கத்தில் இருக்கும் காரணத்தையும் தவறாமல் படியுங்கள். ஆனால் ஒன்று. ரத்தம், சண்டை, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்று முத்திரை சொல்லும். உங்கள் வீட்டில் ஜனவரியில் என்ன நடந்தது என்று எந்த முத்திரைக்கும் தெரியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நான் இப்போது கடைப்பிடிப்பவை இவை. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

முழுப்படத்தைப் பார்க்க நேரமில்லை என்றால், கடைசி அரை மணி நேரத்தையாவது நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். அனிமேஷன் படங்களில் கனமான காட்சி பெரும்பாலும் அங்கேதான் வரும். டிரெய்லர் அதைக் காட்டாது. டிரெய்லரில் ஓலாஃப் சிரிக்க மட்டும்தான் வைக்கும்.

‘பயமா இருக்குமா?’ என்ற கேள்வியோடு, ‘இதைப் பார்த்துவிட்டு என் குழந்தை எதை நம்பும்?’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது இறந்திருந்தால், அப்பா வெளிநாடு போயிருந்தால், புதிதாகத் தம்பிப் பாப்பா பிறந்திருந்தால், வீடு மாறியிருந்தால், படம் அந்த இடத்தில்தான் போய்த் தொடும்.

பார்க்கும்போது பக்கத்திலேயே இருங்கள். மொபைலை வைத்துவிட்டு இருங்கள். குழந்தை திரையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறது என்றால், ஏதோ ஒன்று அதற்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. அங்கே நிறுத்தி, ‘என்னடா?’ என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை.

படம் முடிந்து சிரித்துவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணாதீர்கள். கேள்வி சாயங்காலம் வரும், குளிக்கும்போது வரும், மறுநாள் ஸ்கூல் வேனில் வரும். வந்தால் துண்டு எடுக்கப் போகாதீர்கள்.

நான் மாற்றி எழுதியது

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் போனதும் எடிட்டரிடம் சொன்னேன். மூன்று படங்களைப் பார்க்காமல் எழுதினேன் என்று. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்தது. பிறகு, “பாத்துட்டு மாத்து. மாத்துனதையும் சொல்லு” என்றார். மூன்றையும் பார்த்தேன். ஒன்றை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ‘ஃப்ரோஸன் 2’-ஐ எடுக்கவில்லை. வரியை மாற்றினேன். இப்போது அங்கே இருப்பது இது:

‘ஏழு, எட்டு வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம், பேசுவதற்கு நிறைய இருக்கிற படம். அதற்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூடவே உட்காருவது அவசியம். பிடித்தமான ஒரு கதாபாத்திரம் இறந்து, பிறகு உயிரோடு திரும்புகிறது. வீட்டில் அண்மையில் இழப்பு ஏதாவது நடந்திருந்தால், முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.’

பழைய வரியைவிட நீளம். கலகலப்பு இல்லை.

பாப்பா அந்தப் படத்தை மறுபடி பார்த்தாளா என்றால், பார்த்தாள். அவளே கேட்டு, அக்காவும் அம்மாவும் கூட உட்கார்ந்து. குகைக் காட்சி வந்ததும் அம்மாவிடம், “அம்மாச்சி, ஓலாஃப் வந்துரும். தாத்தாதான் வரமாட்டாரு” என்று அவளே சொன்னாளாம். சொல்லிவிட்டு முறுக்கு கேட்டிருக்கிறாள். காட்டியது தப்பா சரியா என்று அக்காவிடம் கேட்டேன். “அன்னைக்குக் காட்டினது தப்பு. ஆனா காட்டலைன்னா நாம இன்னும் ஊருக்குப் போயிருக்காருன்னே சொல்லிட்டு இருந்திருப்போம்” என்றாள். அதற்குமேல் எனக்கும் பதில் தெரியவில்லை.

மூன்றாம் பாகம் 2027-ல் வரும் என்று டிஸ்னி அறிவித்திருக்கிறது. பாப்பாவுக்கு அப்போது ஏழு, எட்டு வயசாகியிருக்கும்.

போன வாரம் அக்கா மறுபடி போன் பண்ணினாள். வேறொரு படத்தின் பெயரைச் சொல்லி, “இதைப் போடலாமாடி?” என்றாள்.

“நான் இன்னும் பாக்கலைக்கா. இன்னைக்கு ராத்திரி பாத்துட்டுக் காலைல சொல்றேன்.”

“சரி, பாத்துட்டே சொல்லு” என்று வைத்துவிட்டாள்.